காட்சிப்பொருளும் கைப்பொருளும்: சபரகமுவத் தோட்டங்களை முன்னிறுத்தி நூதனசாலைக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

1

ஈழத்திலே ‘நூதனசாலை’ என்றும் தமிழகத்திலே ‘அருங்காட்சியகம்’ என்றும் வழங்கும் சொற்களிரண்டும் தோற்றத்தால் வேறுபட்டனவாயினும் கருத்தால் ஒன்றுபடுவன. முன்னது புதுமையையும் வியப்பையும் சுட்டுகின்றது. பின்னது அருமையைச் சுட்டுகின்றது. எங்கும் காணப்படாதது, எளிதிற் கிட்டாதது, கண்டார் வியக்கத்தக்கது எதுவோ அதுவே இத்தகைய நிலையத்தில் இடம்பெறுதற்குரியது என்னும் எண்ணம் நம் மொழிவழக்கிலேயே ஊறிக் கிடக்கின்றது. இவ்வெண்ணம் எத்தகைய பொருள்களை உள்ளே அழைக்கின்றது, எவற்றைப் புறத்தே நிறுத்திவிடுகின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்குரிய களமாக இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானப் பகுதியையும் அதனைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களையும் கொள்கின்றோம்.

மலையகம் என்றதும் நுவரெலியா, அற்றன், பதுளை ஆகிய ஊர்களே நம் நினைவுக்கு வருகின்றன. சபரகமுவத் தோட்டங்களின் நிலை வேறானது. இங்குத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிறு சிறு தொகுதிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. உயர்நிலத்துத் தேயிலையோடு இணைத்துப் பேசப்படும் குளிரும் பனியும் இங்கில்லை. பெருமழையும் புழுக்கமுமே உள. கொழுந்து பறித்தலோடு இறப்பர்ப் பால்வெட்டும் இம்மக்களின் தொழிலாக இருந்து வந்துள்ளது. எண்ணிக்கையாற் சிறியராகவும் இடத்தாற் சிதறியவராகவும் இருத்தலின், மலையக வரலாறு எழுதப்படும்போதும் இவர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே அமைந்துவிடுகின்றனர்.

கலவானப் பகுதிக்கு வெளியூரார் வாராமல் இல்லை. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட சிங்கராச வனத்துக்குக் கலவான, வெத்தாகல, குடாவ வழியாகச் செல்வோர் பலர். வனத்தினுள் வழிகாட்டி ஒருவர் உடன்செல்வார். மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் சொல்லுவார். ஆனால் வனத்தை அடையுமுன் வழியின் இருமருங்கும் காணப்படும் தேயிலைக்கும் இறப்பருக்கும் விளக்கம் கூறுவார் எவருமிலர். இயற்கைக்கு விளக்கம் உண்டு; உழைப்புக்கு விளக்கம் இல்லை. இம்முரண்பாடு தற்செயலானதன்று.

2

இலங்கையில் நூதனசாலை என்னும் நிறுவனம் குடியேற்ற ஆட்சியின் விளைபொருள். ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தேசிய நூதனசாலைகளின் நிருவாகத்துக்கு அடிப்படையாயிற்று. இரத்தினபுரியிலே எகலப்பொல வளவு எனப்படும் பழைய இல்லத்தில் 1988இல் தேசிய நூதனசாலைக் கிளையொன்று திறக்கப்பட்டது. சபரகமுவ மாகாணத்தின் தொல்லியல், புவியியல், மானிடவியல், விலங்கியல் சார்ந்த பொருள்களை மக்களுக்குக் காட்டுதல் அதன் பணி.

இரத்தினபுரியின் அறிவியற் புகழ் மாணிக்கக் குழிகளோடு தொடர்புடையது. அக்குழிகளின் இல்லப் படிவிலிருந்து கிடைத்த நீர்யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் எச்சங்களை ஆராய்ந்து, இத்தீவில் மறைந்துபோன விலங்கினங்களை அறிவுலகுக்கு உணர்த்தியவர் பி. இ. பி. தெரணியகல ஆவார். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய அவர்தம் பணியின் பெருமையை எவரும் மறுக்கவியலாது. எனினும், இடுப்பளவு சேற்றில் நின்று அவ்வெலும்பை முதலிற் கையால் எடுத்தவன் யார் என்பதை எந்தப் பெயர்ச்சீட்டும் கூறுவதில்லை. எலும்புக்கு இலத்தீன் பெயர் உண்டு. எடுத்தவனுக்குத் தாய்மொழிப் பெயர்கூட இல்லை.

இதனை நாம் குறையாகக் கூறுவது தனியொரு நிலையத்தின்மீது பழி சுமத்துதற்கன்று. பகுப்புமுறையிலேயே இக்குறை அமைந்துள்ளது. தொல்லியல், புவியியல், விலங்கியல் என்று அறிவைப் பிரித்தபின், தோட்டத்தை எந்த அறையில் வைப்பது? அது தொன்மையானதன்று, இயற்கையானதுமன்று, கண்டி இராச்சியத்துக்கு உரியதுமன்று. பகுப்பில் இடமில்லாத பொருள் சேகரிப்பிலும் இடம்பெறாது. சேகரிப்பில் இல்லாத பொருளைப் பற்றி மாணவனுக்குக் கற்பித்தலும் இயலாது.

3

தோட்டத்தையே பொருளாகக் கொண்ட நூதனசாலைகள் இலங்கையில் இல்லையோ எனின், உள. அவற்றுள் இரண்டை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது.

முதலாவது, கண்டியை அடுத்த அந்தானையில் உள்ள இலங்கைத் தேயிலை நூதனசாலை. 1925இல் எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001இல் நூதனசாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. வாட்டுதல், அரைத்தல், உலர்த்தல், தரம்பிரித்தல் ஆகிய படிமுறைகளுக்குரிய பழைய பொறிகளும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட யேம்சு டெயிலருடன் தொடர்புடைய பொருள்களும் அங்கு உள்ளன. கைத்தொழில் வரலாறு என்னும் வகையில் இது போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் இங்கே தேயிலையின் வரலாறு பொறியின் வரலாறாகவும் முன்னோடியின் வரலாறாகவும் அமைகின்றது. கொழுந்து தொழிற்சாலை வாயிலை அடைந்த பின்னரே கதை தொடங்குகின்றது எனலாம். வாயில்வரை அதனைச் சுமந்து வந்தவர்களின் கதை அதற்கு முற்பட்டது.

இரண்டாவது, கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் நிறுவப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும். சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால் உருவான இது, லயத்து அறைகளையே காட்சியறைகளாகக் கொண்டது. தொழிற்கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்குத் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. அந்தானையில் கட்டடம் பொறிக்கு உறையாயிற்று. இங்குக் கட்டடமே முதற் காட்சிப்பொருளாயிற்று. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. முதலாளியின் மூலதனம் பொறியாகத் திரண்டது போலவே தொழிலாளியின் வாழ்க்கை லயமாகத் திரண்டது என்பதை இவ்விரு நிலையங்களும் தம்மையறியாமலே எடுத்துக்காட்டுகின்றன.

ஆயினும் இவையிரண்டும் மத்திய மாகாணத்தின்கண் உள்ளவை. கலவானப் பகுதித் தோட்டப் பாடசாலை மாணவனொருவன் அங்குச் சென்றாலும் காண்பது தன் மலையையன்று. பால்வெட்டுக் கத்தியும், பால் வடியும் சிரட்டையும் தன் பாட்டனுக்கு எத்தகைய வாழ்வைக் கொடுத்தன என்பதை அவன் வேறோரிடத்திலேதான் கற்றாகவேண்டும்.

4

இவ்விடத்து ஆனந்த குமாரசுவாமியை நினைவுகூர்தல் பொருத்தமாகும். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877இற் பிறந்த அவர், கனிமவள அளவீட்டுப் பணிப்பாளராகச் சபரகமுவப் பகுதியை நன்கறிந்தவர். தோரியனைற்று என்னும் கனிமம் அறிவுலகின் கவனத்துக்கு வந்தது அவர் வாயிலாகவே. 1917 தொடக்கம் பொசுத்தன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய அவர், நூதனசாலைப் பொருள்களுள் எதுவும் நூதனசாலையில் வைப்பதற்கென்று செய்யப்பட்டதன்று என்னும் எளிய உண்மையை வலியுறுத்தினார். ஒவ்வொரு பொருளும் ஒரு தேவைக்காக, ஒரு வாழ்க்கைமுறைக்குள் செய்யப்பட்டது. அத்தேவையை விளக்காமல் பொருளின் அழகையோ அருமையையோ மட்டும் காட்டுதல் கல்வியாகாது என்பது அவர் கருத்தின் சாரம்.

குமாரசுவாமி இதனைக் கூறியது பெரும்பாலும் கோயிற் சிற்பங்களையும் மரபுக் கலைகளையும் மனத்திற் கொண்டே. அவர் காட்டிய மரபுச் சமுதாயத்தில் உழைப்பும் கலையும் இணைந்திருந்தன. தோட்டமோ உழைப்பைக் கலையினின்றும், உழைப்பாளியை நிலத்தினின்றும் பிரித்தே தோன்றியது. எனவே அவர் கூற்றை நாம் அப்படியே பெயர்த்துக்கொள்ளல் இயலாது. இருப்பினும் ‘இப்பொருள் எதற்காக?’ என்னும் அவர் வினாவோடு ‘யாருடைய நலனுக்காக?’ என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்வோமாயின், தோட்டத்துப் பொருள்கள் பேசத் தொடங்கும்.

மட்டக்கம்பை எடுத்துக்கொள்வோம். தேயிலைச் செடியின்மேல் வைத்து, கொழுந்து பறிக்கும் மட்டத்தை ஒழுங்குபடுத்த உதவும் கம்பு அது. காட்சிப்பொருளாக நோக்கின் அதில் ஒன்றுமில்லை, வெறுங்கம்பு. எதற்காக என்று கேட்பின், செடியின் பரப்பைச் சமப்படுத்தி விளைச்சலைப் பேணுதற்காக என்ற விடை கிடைக்கும். யாருடைய நலனுக்காக என்று கேட்பின், நிரையில் நிற்கும் பெண்ணின் கையசைவையும் பார்வையையும் அளவுக்குட்படுத்திய ஒரு மேற்பார்வைமுறை புலப்படும். பிரட்டுக்களமும், பெயர் போடும் செக்றோலும், கொழுந்து நிறுக்கும் தராசும் அக்கம்போடு இணைந்து ஒரு சமூக உறவைக் காட்டும். ஆகவே கம்பு அரிய பொருளன்று என்பதே அதன் முக்கியத்துவம். அது எங்கும் இருந்தது. அதனாலேயே எவரும் அதனைப் பேணவில்லை.

5

நூதனசாலை நிருவாகத்தின் உயிர்நாடி காட்சியறையன்று, பதிவேடே. பொருள் எங்கிருந்து, எவரிடமிருந்து, எப்போது வந்தது, எதற்குப் பயன்பட்டது, உரியவர் அதனை என்ன பெயரிட்டு அழைத்தார் என்பன பதிவு செய்யப்படாவிடின், பொருள் ஊமையாகிவிடும். மொரிசியசுத் தீவின் அப்பிரவாசிக் கட்டம் 2006இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அங்கு ஒப்பந்தமுறையிற் சென்றோரின் விவரங்கள் அரசாங்கப் பதிவேடுகளில் எஞ்சியிருத்தலால், வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் பெயரைத் தேடிக் காண முடிகின்றது. இலங்கைக்கு வந்தோர் கங்காணிமுறையின்கீழ் வந்தனர். அவர்களைப் பற்றிய எழுத்து, கங்காணியின் பற்றுக்கணக்கிலும் தோட்டத்துச் செக்றோலிலும் துண்டுச்சீட்டிலுமே பெரிதும் தங்கியிருந்தது. கடனைத் தீர்த்தாலன்றித் தோட்டம் மாறவிடாத துண்டுமுறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனவே இங்குப் பதிவேட்டின் பணியைக் குடும்ப நினைவே செய்யவேண்டியுள்ளது. அந்நினைவோ முதியோர் ஒவ்வொருவருடனும் குறைந்து வருகின்றது.

சபரகமுவவில் இவ்விழப்பு இயற்கை மரணத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. 1977இலும் 1981 ஓகத்திலும் நிகழ்ந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. இருந்த இடம் விட்டு வடக்கு நோக்கிச் சென்றோர் பலர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோரும் உளர். 2017 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் கலவானப் பகுதியைப் பெரிதும் பாதித்தன. ஒவ்வொரு முறையும் முதலில் அழிவது வீட்டின் தகரப்பெட்டியும் அதனுள் இருந்த காகிதங்களுமே.

அக்காகிதங்களின் பெறுமதியை உணர வரலாற்றை நோக்கவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழும், தோட்டத்துச் சீட்டும், பாடசாலைப் பதிவும் வாழ்வா வெளியேற்றமா என்பதைத் தீர்மானித்தன. எஞ்சியோருக்கு உரிமை வழங்கிய சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

ஆதலின் இங்கு நிருவாகம் சார்ந்த ஒரு நெறிமுறைச் சிக்கல் எழுகின்றது. காகிதம் இல்லாமையால் துன்புற்ற ஒரு சமூகத்திடம் சென்று, ‘உங்கள் மூலப்பத்திரங்களை எங்களிடம் ஒப்படையுங்கள், நாங்கள் பாதுகாப்போம்’ என்று கேட்பது எவ்வாறு பொருந்தும்? எத்துணை நல்லெண்ணத்தோடு கேட்டாலும், அது பறிமுதலின் மறுவடிவமாகவே அவர்களுக்குத் தோன்றும். மூலம் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். படியே நூதனசாலைக்கு வருதல் வேண்டும். மூலத்தைப் பேணும் முறையை வீட்டாருக்குக் கற்பித்தல் நூதனசாலையின் கடமையாதல் வேண்டும். ஈரம் மிகுந்த இப்பிரதேசத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும், மூங்கிற் கூடையைப் பூச்சி அரிக்கும், தப்பின் தோல் தளரும், தகரம் துருவேறும். நிலத்தில் வையாமை, சுவரோடு ஒட்டாமை, காற்றோட்டம், அடிக்கடி எடுத்து நோக்குதல் ஆகிய எளிய முறைகளே பெரும் பொறிகளைவிட இங்குப் பயன்தரும்.

6

கலவானவில் பெருங்கட்டடம் ஒன்று எழவேண்டும் என்று நாம் கோரவில்லை. கட்டடம் எழுந்து, திறப்பு விழா முடிந்து, பதிவேடு வெறுமையாக இருப்பதைவிட, கட்டடமின்றிப் பதிவேடு நிறைந்திருத்தலே மேல். அமெரிக்காவின் நியூவாக் நகரில் 1909இல் நூதனசாலை நிறுவிய யோன் கொட்டன் டானா, பொருள்களைப் பாடசாலைகளுக்கு இரவல் கொடுக்கும் முறையை வளர்த்தார். அதுபோல ஒரு பெட்டியளவான சேகரிப்பு, பால்வெட்டுக் கத்தி, கூடை, படங்கு, மட்டக்கம்பு, ஆவணப் படிகள், முதியோர் வாய்மொழியின் ஒலிப்பதிவு என்பவற்றைக் கொண்டு, பாடசாலைதோறும் செல்லலாம். இரத்தினபுரி நூதனசாலை அதற்குத் தாய்நிலையமாகலாம். சிங்களப் பாடசாலைகளுக்கும் அப்பெட்டி செல்லவேண்டும். அயற்கிராமத்துச் சிறுவன் தோட்டத்தைப் பற்றி அறிவது, தோட்டத்துச் சிறுவன் அறிவதினும் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி வைத்திராவிடின், அவற்றுட் பல இன்று நமக்குக் கிட்டியிரா. பாட்டுக்கு நிகழ்ந்த அப்பணி பொருளுக்கும் நிகழவேண்டும். 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. நடந்தோர் முன்னோரின் பாதையை நினைவுபடுத்தினர். அப்பாதையின் முடிவில் அவர்கள் கையில் எடுத்த கருவி யாது, அதற்கு அவர்கள் இட்ட பெயர் யாது என்பதைப் பதிவு செய்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் கடமையாகும். தோட்டத்துப் பிள்ளைகளே இப்பணிக்குப் பயிற்றப்படல் வேண்டும். பொருளின் பெயரை வெளியிலிருந்து வருபவன் கேட்டறிய வேண்டும், அவர்களோ அதனைப் பேசியே வளர்ந்தவர்கள்.

அருமையானதையே பேணுவோம் என்னும் கொள்கை, உழைத்தவர்களின் பொருளை அது அருகி அழியும்வரை காத்திருக்கச் செய்கின்றது. மட்டக்கம்பு அரும்பொருளாகும் நாள்வரை நாம் காத்திருப்போமாயின், அதனைப் பிடித்த கையைப் பற்றிக் கூறுவதற்கு அன்று எவரும் இருக்கமாட்டார்.