இரத்தத்தில் எண்ணுவதும் முடிச்சில் காண்பதும்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழைத்தண்டும் வாங்க வருகிற தமிழர் பலருக்கு, அங்கிருந்து அரவிந்தர் மார்க்கத்தில் தெற்கே சிறிது தூரத்தில் எதிரெதிராக நிற்கும் எய்ம்ஸ், சப்தர்ஜங் என்னும் இரு பெரிய மருத்துவமனைகளும் நன்கு பரிச்சயமானவை. அவ்விரு இடங்களிலும் சண்டிகரிலும் பேராசிரியர் தல்வாரின் குழு நடத்தி, 1994-ல் முடிவுகளை வெளியிட்ட ஒரு கருத்தடைத் தடுப்பூசிப் பரிசோதனை, சரீரத்தின் சுயக் கட்டுப்பாட்டைப் பற்றி ஆழமான வினா ஒன்றை எழுப்பியது என்பது அவ்வளவாக அறியப்படாத விஷயம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சுரக்கும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனின் ஒரு பகுதியைத் நச்சுத்தன்மை நீக்கப்பட்ட தனுர்வாதப் புரதம் போன்ற அந்நியப் புரதத்துடன் இணைத்து 148 பெண்களுக்கு ஊசியாகச் செலுத்தியபோது, அனைவரிடமும் அந்தச் சொந்த ஹார்மோனுக்கு எதிரான எதிர்ப்பொருள் தோன்றிற்று. ஆயினும் கருத்தரிப்பைத் தடுக்கப் போதுமென்று வகுத்த அளவாகிய மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமைத் தாண்டியவர்கள் 119 பேரே. ஊசியைத் தொடராதபோது எதிர்ப்பொருள் தானே வற்றியது. தன்னுடையதைத் தாக்காதிருப்பது என்ற சரீர தர்மம் அசையாத விதியன்று, அளவோடு நடத்தப்படும் நிர்வாகமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

அந்த நிர்வாகத்தின் முக்கியமான அதிகாரி ஒருவர் பின்னர் 2011-ல்தான், ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆய்வுக்குழுக்களால், அடையாளம் காணப்பட்டார். தடுப்பூசியோ தொற்றோ நேர்ந்தபின் நிணநீர் முடிச்சுக்குள் 'முளை மையம்' என்னும் இடம் உருவாகிறது. அங்கே பி செல்கள் தம் மரபணுவைத் தாமே மாற்றி மாற்றி, மேலும் மேலும் கூர்மையான எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. அந்தத் தேடலுக்கு உதவி டி செல்கள் துணைநிற்கின்றன. குருட்டாம்போக்கில் நிகழும் மாற்றங்களாகையால், கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு சொந்தத் திசுவைப் பிடிக்கும் எதிர்ப்பொருளும் பிறந்துவிடக் கூடும். அவ்விடத்திற்கே குடிபுகுந்து, பி செல், உதவி டி செல் ஆகிய இரு தரப்பையும் அடக்கி ஆள்பவை ஃபாலிக்குலர் ஒழுங்காற்று டி செல்கள். சகாகுச்சி முதலிய மூவருக்கு 2025-ல் நோபெல் பரிசை ஈட்டித் தந்த ஒழுங்காற்று டி செல் குலத்தின் கிளையே இவை. அக்குலத்தின் ஃபாக்ஸ்பி3 முத்திரையோடு, முளை மையத்துக்கு வழிகாட்டும் சி.எக்ஸ்.சி.ஆர்.5 என்ற ஏற்பியையும் தாங்கியிருக்கின்றன. இவை உருவாகாதபடி செய்யப்பட்ட எலிகள், வயது ஏற ஏறச் சுய எதிர்ப்பு வியாதிகளுக்கு ஆளாயின.

மனிதரிடத்தில் இச்செல்களை எவ்வாறு அறிவது? இன்று பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழக்கம், கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, இரு முத்திரைகளையும் ஒருசேரத் தாங்கிய செல்களைக் கருவியால் எண்ணி, உதவிச் செல்களோடு அவற்றின் விகிதத்தைக் கணித்து, அதிலிருந்து நோயின் போக்கை ஊகிப்பதாகும். இதனை இகழ்வது எளிது, ஆனால் நியாயமன்று. லூப்பஸ் என்னும் சுய எதிர்ப்பு நோயால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து மாதந்தோறும் நிணநீர் முடிச்சை அறுத்தெடுக்க எவரும் துணியார். இரத்தமோ எப்படியும் எடுக்கப்படுகிறது. ஒரே மனிதரை மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும், ஊருக்கு ஊர் ஒரே முறையில் பார்க்கவும் அது இடம் தருகிறது. எதிர்ப்பொருள் உற்பத்தி மும்முரமாக நடக்கிறது என்னும் பொதுச் செய்தியையும் அது ஓரளவு உண்மையாகவே அறிவிக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. லிஸ்பனில் லூயிஸ் கிராசாவின் குழுவினர் 2017-ல் காட்டியபடி, மனித இரத்தத்தில் உலவும் இச்செல்கள் பக்குவம் அடையாதவை; பி செல்களை அடக்கும் முழுத் திறமையும் அவற்றுக்கு இன்னும் வாய்க்கவில்லை. பிறவியிலேயே பி செல் அற்றவர்களின் இரத்தத்திலும் அவை காணப்பட்டன என்பது, முளை மையத்தில் வேலை முடித்துத் திரும்பியவை அவை என்ற எண்ணத்தை அடியோடு அசைத்தது. மெட்ரோ நிலையத்தின் வாயிலில் நின்றுகொண்டு மார்க்கெட்டை நோக்கிப் போகிறவர்களை எண்ணுகிறவன், உள்ளே மீன் கடையில் என்ன பேரம் படிந்தது என்று சொல்ல முற்பட்டால் எப்படியோ, அப்படிப்பட்டதே இரத்தத்தின் எண்ணிக்கையைக் கொண்டு முடிச்சின் நடப்பைத் தீர்மானிப்பதும். லூப்பஸ் நோயாளிகளிடம் இச்செல்கள் குறைந்தன என்று சில ஆய்வுகளும், கூடின என்று வேறு சில ஆய்வுகளும் கூறுவதையும், சுய எதிர்ப்பு நோயேயான ஷோக்ரன் வியாதியில் இவற்றின் விகிதம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்ததையும் நினைத்துப் பார்த்தால், எண்ணுகிறவர்களின் கவனக்குறைவைக் காட்டிலும் எண்ணும் இடத்தின் பொருத்தமின்மையே காரணமென்று நான் கருதுகிறேன்.

மேலும், 'அதிகம் இருந்தால் அடக்கம், குறைந்தால் கலகம்' என்ற சூத்திரமே இச்செல்களுக்கு ஒத்துவருவதில்லை. வைரஸ் தொற்றிய எலிகளில் இவை இன்டர்லூக்கின்-10 சுரந்து முளை மையத்தை வளர்த்தன என்று 2017-ல் ஓர் ஆய்வு கண்டது; நியூரிட்டின் என்னும் புரதத்தால் இவை ஒவ்வாமைக்குரிய ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளைக் கட்டுப்படுத்துகின்றன என்று 2021-ல் மற்றோர் ஆய்வு கண்டது. தாயாகவும் காவலாகவும் ஒரே செல் நடந்துகொள்ளும்போது, வெறும் தலைக்கணக்கு எதைச் சொல்லும்?

முடிச்சை எட்ட முடியாது என்ற சமாதானம் நம் நாட்டில் செல்லாது என்பதே நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. காசநோயால் கழுத்தில் நெறி கட்டி வருகிறவர்களுக்கு மெல்லிய ஊசியால் முடிச்சிலிருந்து செல்களை உறிஞ்சிப் பார்ப்பது, இந்திய அரசு மருத்துவமனைகளில் அன்றாடக் காரியம். இதில் நம் மருத்துவர்களுக்கு உள்ள கைப்பழக்கம் செல்வ நாடுகளில் பலருக்கு வாய்ப்பதன்று. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் அக்குள் முடிச்சுகளை அதே ஊசியால் வாரக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, முளை மையம் நெடுநாள் நிலைத்திருப்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் 2021-ல் காட்டினர். ஊசிக்கும் குறை உண்டு: எடுபடும் செல்கள் சொற்பம், அவை எந்த மூலையில் எதற்கு அருகே இருந்தன என்ற அமைப்பும் கலைந்துவிடும். அதனினும் பெரிய குறை தர்மத்தைப் பற்றியது; தனக்கு உடனடிப் பிரயோஜனம் இல்லாத ஊசியை ஏற்கும்படி, வெளியூரிலிருந்து வந்து நடைபாதையில் படுத்துறங்கும் ஏழை நோயாளியைக் கேட்பவர், அவர் மறுத்தாலும் சிகிச்சையில் குறைவிராது என்பதை அவருடைய மொழியிலேயே உணர்த்தியாக வேண்டும். ஆதலால் முதற்படியாக, சிகிச்சைக்கென்றே அகற்றி எறியப்படும், முடிச்சைப் போன்ற திசுவாகிய டான்சில்களையும், நோய் நிர்ணயத்துக்குப் பயன்பட்டபின் எஞ்சும் ஊசிச் செல்களையும், உரியவரின் சம்மதத்தோடு சேமித்து, அதே மனிதரின் இரத்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் பணியை எய்ம்ஸ் போன்ற நிலையங்கள் மேற்கொள்ளலாம். எந்த நோயில், எந்தக் கட்டத்தில் இரத்தம் முடிச்சைப் பற்றி உண்மை சொல்கிறது என்பது அப்போதுதான் நிர்ணயமாகும்.