முதல் நகரமும் இரண்டாம் நகரமும்: நியூயார்க் – சிகாகோ வழக்கு பற்றிய இரண்டு நூல்கள்

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு, அதிலும் கொல்கத்தாவில் வாழ்கிற தமிழர்களுக்கு, 1893 செப்டம்பர் 11 தான் ஞாபகம் வரும். விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு. அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டிய கதை. அதே மாநாட்டில் சமண சமயத்தின் சார்பில் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி என்ற 29 வயது இளைஞரும் பேசினார் என்பதைச் சமணர்களாகிய நாங்கள் மறப்பதில்லை. மற்றவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அது கிடக்கட்டும். அந்த மாநாடு ஏன் சிகாகோவில் கூடிற்று, அமெரிக்காவின் தலைவாசலான நியூயார்க்கில் ஏன் கூடவில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் ஒரு பெரிய ஊர்ச்சண்டை வெளியே வருகிறது. கொலம்பஸ் கரையிறங்கிய 400-ஆம் ஆண்டைக் கொண்டாட ஓர் உலகப் பொருட்காட்சி நடத்துவது என்று முடிவாயிற்று. நியூயார்க், சிகாகோ, செயின்ட் லூயிஸ், வாஷிங்டன் நாலு ஊரும் எனக்கு, உனக்கு என்று மல்லுக்கு நின்றன. சிகாகோ 50 லட்சம் டாலர் காட்டியது. அது போதாது, இன்னும் 50 லட்சம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அதற்கும் தலையசைத்தது. 1890 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை வாக்கெடுத்தது. எட்டாவது சுற்றில் சிகாகோ ஜெயித்தது. சமய மாநாடு அந்தப் பொருட்காட்சியின் ஒரு பக்கக் கிளைதான். ஆக, வீர்சந்த் காந்தியும் விவேகானந்தரும் ஏறிய மேடை, ஓர் ஊர் இன்னோர் ஊருக்குத் தன்னை நிரூபிக்கப் போட்ட மேடை.

இந்தச் சண்டையிலிருந்துதான் சிகாகோவுக்குக் 'காற்றடிக்கும் நகரம்' என்ற பட்டப்பெயர் வந்தது, நியூயார்க் 'சன்' பத்திரிகையின் ஆசிரியர் சார்லஸ் டேனா சூட்டினார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1870-களிலேயே வேறு ஊர்ப் பத்திரிகைகளில் அந்தப் பெயர் அடிபடுகிறது. ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. சிகாகோவைப் பழிக்கிற எந்த வாசகத்துக்கும் நியூயார்க்காரர் ஒருவரைத் தகப்பனாகக் காட்டினால்தான் ஜனங்களுக்குத் திருப்தி போலிருக்கிறது.

இந்த வழக்கைப் பற்றி நான் படித்தவற்றுள் இரண்டு நூல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஏ. ஜே. லீப்ளிங் 1952-இல் வெளியிட்ட 'சிகாகோ: தி செகண்ட் சிட்டி'. மற்றது வில்லியம் குரோனன் 1991-இல் வெளியிட்ட 'நேச்சர்ஸ் மெட்ரோபொலிஸ்'. முன்னவர் பத்திரிகையாளர், பின்னவர் வரலாற்றுப் பேராசிரியர். நானோ பர்ரா பஜார் பக்கம் கோணிச் சாக்கு வாங்கி விற்று வயதான வியாபாரி. என் அளவுகோல் வியாபாரியின் அளவுகோல் என்பதை வாசக அன்பர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

லீப்ளிங் நியூயார்க்கில் பிறந்தவர். சாப்பாடு, குத்துச்சண்டை, பத்திரிகை உலகம் மூன்றையும் பற்றி எழுதி மகா பெயர் வாங்கியவர். சிகாகோவில் கொஞ்ச காலம் குடியிருந்து பார்த்துவிட்டு 'நியூயார்க்கர்' இதழில் மூன்று கட்டுரை எழுதினார், அதுவே நூலாயிற்று. மனுஷனுக்கு எழுத்து தண்ணீர் மாதிரி ஓடுகிறது, சும்மா சொல்லக்கூடாது. ஏரிக்கரையில் நாலு உயரக் கட்டடம், அதற்குப் பின்னால் மைல் கணக்கில் சாரமற்ற தட்டை ஊர், நாடகம் போதாது, பத்திரிகை மட்டம், ஒரு காலத்தில் முதலிடத்துக்கு ஆசைப்பட்ட ஊர் நடுவழியில் நம்பிக்கை இழந்து உட்கார்ந்துவிட்டது. இதுதான் அவர் தீர்ப்பு. அவரிடம் ஒரு பெருந்தன்மை உண்டு. கட்டுரைகளைப் படித்துக் கொதித்துப் போன சிகாகோவாசிகள் எழுதிய கடிதங்களை நூலில் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டார். சில இடங்களில் அடிக்குறிப்பு மேலே உள்ளதை ஜெயித்துவிடுகிறது. சிகாகோவில் 1959-இல் ஒரு நகைச்சுவை நாடகக்குழு தொடங்கியவர்கள், அவர் திட்டிய பெயரையே எடுத்துத் தங்கள் குழுவுக்கு 'தி செகண்ட் சிட்டி' என்று பலகை மாட்டினார்கள். இதைவிடச் சரியான பதில் உண்டா?

லீப்ளிங்கிடம் எனக்குள்ள குறை வேறு. ஊரின் மதிப்பை அவர் மாலை ஆறு மணிக்கு மேல்தான் அளக்கிறார். தியேட்டர், ஹோட்டல், கச்சேரி. பகலில் அந்த ஊர் என்ன செய்து சோறு தின்கிறது என்பது அவருக்கு ரெண்டாம் பட்சம். இலக்கியத்தையே எடுத்துக்கொண்டாலும் கணக்கு அவ்வளவு சுலபமாக முடியாது. ஹேரியட் மன்றோ 1912-இல் 'பொயட்ரி' இதழைத் தொடங்கியது சிகாகோவில். நம்ம தாகூரின் 'கீதாஞ்சலி'ப் பாடல்கள் சில, அமெரிக்காவில் முதன்முதலாக அச்சேறியது அந்த இதழின் 1912 டிசம்பர் வெளியீட்டில். நோபல் பரிசுக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு. டி. எஸ். எலியட்டின் 'புரூஃப்ராக்' 1915-இல் அங்கேதான் வந்தது. எச். எல். மென்கன் 1920-இல் சிகாகோவை அமெரிக்காவின் இலக்கியத் தலைநகர் என்றே எழுதினார். அதே சமயம் 'லிட்டில் ரிவ்யூ' போன்ற இதழ் சிகாகோவில் பிறந்து 1917-இல் நியூயார்க்குக்கு மூட்டை கட்டிற்று என்பதும் உண்மை. லீப்ளிங் இரண்டாவதைப் பார்க்கிறார். முதலாவதுக்கு உரிய எடை போடவில்லை. கடைவீதியில் ஒரு தட்டை மட்டும் தூக்கிப் பிடித்து நிறுக்கிறவனை நாம் என்ன சொல்வோம்?

குரோனன் இதற்கு நேர் எதிர். ஆறு மணிக்கு மேல் அவர் ஊரில் இருப்பதே இல்லை. கோதுமை, மரம், இறைச்சி மூன்றையும் பிடித்துக்கொண்டு, அவை வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் சிகாகோ வழியாகக் கிழக்கே எப்படிப் போயின என்று நடந்தே காட்டுகிறார். நூலின் கோதுமை அத்தியாயத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. காரணம் கோணிச் சாக்கு!

முன்பெல்லாம் விவசாயி கோதுமையைச் சாக்கில் கட்டி அனுப்புவான். அந்தச் சாக்கு படகு மாறி, கை மாறி, விற்கும் வரை அவன் பெயரிலேயே போகும். நஷ்டமானால் அவன் தலையில். ஆற்றுப்படகை நம்பியிருந்த செயின்ட் லூயிஸ் நெடுநாள் இந்த வழியிலேயே போயிற்று. சிகாகோ ரயிலை நம்பிற்று. ரயில் பெட்டி நிறைய நிறைய வந்ததை இறக்க நீராவி எலிவேட்டர் வைத்த தானியக் கோபுரங்களைக் கட்டிற்று. சாக்குக்கு வேலை போய்விட்டது. தானியம் ஆறு மாதிரி கொட்ட ஆரம்பித்ததும், என் கோதுமை, உன் கோதுமை என்ற பேச்சு இல்லை. 1848-இல் ஏற்பட்ட சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் 1856 முதல் தரம் பிரித்தது; ஒரே தரத்துக் கோதுமை ஒரே தொட்டியில் கலந்தது; விவசாயி கையில் ரசீது மிஞ்சிற்று. ரசீது பணம் மாதிரி கை மாறிற்று. பிறகு தந்தி. பிறகு, இன்னும் விளையாத கோதுமைக்கு இன்றைக்கே விலை. வாயிதா வியாபாரத்துக்கான விதிகளை 1865-இல் எழுதிவைத்தார்கள். ஹெஸ்ஸியன் பாட்காவில் குடும்பங்கள் ஏறியதும் கவிழ்ந்ததும் பார்த்த கொல்கத்தாவில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கு போன இடத்தில் சூதும் வந்தது, சந்தையும் வந்தது. குரோனன் இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறார்.

இந்த எலிவேட்டரை 1842-இல் முதலில் கட்டியவர் ஜோசப் டார்ட். கட்டிய இடம் பஃபலோ, அதாவது நியூயார்க் மாநிலம். 1825-இல் திறந்த ஈரி கால்வாய் வழியாகத்தான் மேற்குத் தானியம் நியூயார்க் துறைமுகத்துக்கு இறங்கிற்று. சிகாகோவின் முதல் மேயர் வில்லியம் ஆக்டன் நியூயார்க் மாநிலத்துக்காரர். உறவினர்கள் வாங்கிப்போட்ட நிலத்தைப் பார்த்துக்கொள்ள 1835-இல் வந்தவர். பார்த்தீர்களா, வழக்கு எங்கே திரும்புகிறது என்று! குரோனன் இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறார். 1870-களில் மஞ்சள் கடுதாசி கொடுத்த வியாபாரிகளின் நீதிமன்றப் பதிவேடுகளை எடுத்து, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தேசப்படத்தில் குறித்திருக்கிறார். நகரப் பெருமை பேசும் மலர்களை நம்பாமல் திவால் கணக்கை நம்பிய இந்த ஒன்றுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். பாக்கிக் கோடுகள் சிற்றூர்களிலிருந்து சிகாகோவுக்கு ஓடுகின்றன; சிகாகோவுக்கு மேலே நியூயார்க் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்தக் காலத்தில் சிகாகோவின் உண்மையான எதிரி செயின்ட் லூயிஸ். நியூயார்க் எதிரியல்ல, முதல் போட்ட முதலாளி. 1871-இல் ஊரே எரிந்தபோது திரும்பக் கட்டக் கிழக்குப் பணம் வந்ததும் அதனால்தான். பாக்கிக்காரன் கடை எரிந்தால் முதலில் பதறுகிறவன் கடன் கொடுத்தவன்தானே.

இறைச்சி அத்தியாயத்தை நான் மூன்று முறை மூடிவைத்துத்தான் முடித்தேன். 1865-இல் திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ், பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டி, கிழக்குக் கசாப்புக்காரர்களின் எதிர்ப்பு எல்லாம் வருகிறது. உயிரைச் சரக்காக்கும்போது வாங்குகிறவன் கண்ணுக்குக் கொலையே தெரியாமல் போகிறது என்கிற அவருடைய கருத்து ஒரு சமணன் எழுதியிருக்க வேண்டியது, எழுதியவர் அமெரிக்கர். ஆனால் அந்தத் தொட்டிகளிலும் கொட்டில்களிலும் உழைத்த கூலிக்காரர்கள் நூலில் அதிகம் தென்படுவதில்லை. சரக்குக்குக் கொடுத்த கவனம் ஆளுக்குக் கொடுக்கப்படவில்லை. இது சின்னக் குறையல்ல.

இன்னொரு குறை, நூல் 1893 பொருட்காட்சியோடு நின்றுவிடுவது. அந்தப் பொருட்காட்சியின் பிரதான மண்டபங்களுக்கு டேனியல் பர்னம் நியூயார்க் சிற்பிகளான ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட், மெக்கிம் கோஷ்டியை அழைத்தார். நியூயார்க்கை ஜெயித்து வாங்கிய பொருட்காட்சிக்கு நியூயார்க்கின் உடுப்பு! சிகாகோவின் லூயிஸ் சல்லிவன் சாகும்வரை இதை மன்னிக்கவில்லை. மறுபக்கம் நியூயார்க்குக்கும் தூக்கமில்லை. 1890 கணக்கெடுப்பில் சிகாகோ 10,99,850 பேரோடு பிலடெல்பியாவைத் தாண்டிவிட்டது; நியூயார்க் 15,15,301. எங்கே நம்மையும் தாண்டிவிடுமோ என்ற பயம், புரூக்ளின் முதலிய ஊர்களைச் சேர்த்து 1898-இல் பெரிய நியூயார்க்கை உண்டாக்கியவர்களின் வாதங்களில் ஒன்று. 1894 வாக்கெடுப்பில் புரூக்ளின் 277 ஓட்டு வித்தியாசத்தில்தான் சம்மதித்தது. அந்த 277 ஓட்டு இல்லையென்றால் லீப்ளிங் தன் தலைப்பை எந்த ஊருக்கு வைத்திருப்பாரோ!

லீப்ளிங் 1952-இல் செத்துப்போனதாக எழுதிய ஊர் 1972-இல் நாணயங்களுக்கே வாயிதா சந்தை திறந்தது. முட்டையும் வெண்ணெயும் விற்ற மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச்தான் திறந்தது. 1982-இல் நியூயார்க் பங்குகளின் குறியீட்டெண்ணையே சிகாகோவில் வாயிதாவாக விற்றார்கள். 1987 அக்டோபர் 19-இல் நியூயார்க் சந்தை ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தபோது, வால் ஸ்ட்ரீட் சிகாகோவைக் கைகாட்டிற்று. விசாரித்த பிரேடி குழு, இவை தனித்தனிச் சந்தையல்ல, நடைமுறையில் ஒரே சந்தை என்று 1988-இல் அறிக்கை கொடுத்தது. திவால் பதிவேட்டில் குரோனன் கண்டதும் இதேதான். 2007-இல் மெர்க்கன்டைலும் போர்டு ஆஃப் டிரேடும் ஒன்றாயின; 2008-இல் அந்தக் கம்பெனி நியூயார்க் மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்சையும் வாங்கிவிட்டது. 2013-இல் நியூயார்க் பங்குச் சந்தையையே வாங்கியது மூன்றாவது ஊர்: அட்லாண்டாவில் தலைமையகம் உள்ள கம்பெனி.

கட்டட உயரச் சண்டை கொஞ்சம் வேடிக்கை. 1885-இல் சிகாகோவில் பத்து மாடி. 1931-இல் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் 102 மாடி. 1973-இல் சிகாகோவின் சியர்ஸ் டவர் 1450 அடி. அதன் எலும்புக்கூட்டை வடித்த பஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்து, நம்ம ஷிப்பூர் எஞ்சினியரிங் கல்லூரியில் படித்தவர். 2013-இல் நியூயார்க்கின் புதிய கோபுரம் 1776 அடி என்று வழக்கு வந்தது. கூரை மட்டும் பார்த்தால் சிகாகோதான் உயரம். நியூயார்க் கோபுரத்தின் உச்சிக் கம்பம் ஆண்டெனாவா, கூர்முனையா என்பதே கேள்வி. கூர்முனை என்று சொல்லி நியூயார்க்குக்குப் பட்டம் கொடுத்த உயரக் கட்டடக் குழுவின் தலைமையகம் சிகாகோவில் இருக்கிறது! தன் ஊர்க் கட்டடத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன அந்த நாணயம், 1450 அடியைவிட உயரம் என்பேன்.

இப்போது சிகாகோ இரண்டாவதும் அல்ல. 1990 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் முந்திவிட்டது. 2020-இல் சிகாகோவின் ஜனத்தொகை 27,46,388, நியூயார்க்கினுடையது 88,04,190. 1911-இல் தலைநகர்ப் பட்டத்தைப் பறிகொடுத்த ஊரில் பிழைக்கிற நமக்கு இந்த எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் உறைக்கும். ஆனால் 2010-இல் சிகாகோவின் வாயிதா சந்தையிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சிக்கு, மலையைக் குடைந்து 827 மைல் நேர்க்கோட்டில் ஒரு கண்ணாடி இழைக் கம்பி போட்டார்கள். விலைச் செய்தி போய்த் திரும்பச் சுமார் 13 மில்லி விநாடி. ஜனத்தொகையைப் பார்த்து யாரும் அந்தக் கம்பியைப் போடவில்லை.

இரண்டில் ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால் குரோனனைப் படியுங்கள். லீப்ளிங் சிறு நூல், ரயிலில் படித்துவிடலாம், அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். குரோனன் தடித்த புத்தகம், கோதுமையில் தொடங்கினால் நிற்காமல் ஓடும். மாமிசம் ஆகாதவர்கள் இறைச்சி அத்தியாயத்தைப் பகலில் படிப்பது உத்தமம். அதைத் தாண்டினால் திவால் தேசப்படங்கள் வந்துவிடும்.