புயலும் கீழ்ப்படிதலும்: ‘தி கெய்ன் மியூட்டினி’ புதினத்தில் குவீகின் திசை

திறவுச்சொற்கள்: ஹெர்மன் வோக், போர்க்காலப் புதினம், மூன்றாம் கடற்படைத் தொகுதி, கட்டளை, பொறுப்பு

ஹெர்மன் வோக்கின் ‘தி கெய்ன் மியூட்டினி’ (1951) வெளிவந்த மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அதில் வரும் கப்பல் தலைவர் குவீக் பெரும்பாலும் மனப்பிறழ்வின் வடிவமாகவே வாசிக்கப்படுகிறார். காணாமற்போன ஸ்ட்ராபெர்ரிப் பழங்களுக்காகக் கப்பல் முழுவதையும் சோதனையிட்டதும், சாட்சி சொல்லும்போது கையில் எஃகுக் குண்டுகளை உருட்டியதும் அவ்வாசிப்பிற்கு வலுச் சேர்க்கின்றன. ஆயினும், புயலின் நடுவே துணைத் தலைவர் மேரிக் அவரைப் பதவியிறக்கும் அந்தக் காலைப்பொழுதில் குவீக் செய்துகொண்டிருப்பது என்ன? மேலிடத்துக் கட்டளைக்கு அவர் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறார். இப்புள்ளி போதிய கவனம் பெறவில்லை.

புதினத்தின் புயல் கற்பனையன்று. 1944 டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்குக் கிழக்கே, அட்மிரல் வில்லியம் ஹால்சியின் மூன்றாம் கடற்படைத் தொகுதி சூறாவளியில் சிக்கியது. மின்டோரோ தீவில் இறங்கிய படைகளுக்குத் துணையாக மறுநாளே வான்தாக்குதலைத் தொடர வேண்டும் என்ற கடப்பாடு, அத்தொகுதி உரிய நேரத்தில் விலகிச் செல்லத் தடையாயிற்று. எரிபொருள் குறைந்த கப்பல்கள் எடையிழந்து உருண்டன. எரிபொருள் நிரப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில், வெற்றுத் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக் கப்பலை நிலைப்படுத்தும் பணியும் சிலவற்றில் காலந்தாழ்ந்தது. ஸ்பென்ஸ், ஹல், மோனகன் ஆகிய மூன்று நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின. ஏறத்தாழ 790 பேர் மாண்டனர். மோனகனில் பிழைத்தவர்கள் 6 பேர் மட்டுமே. உலித்தியில் கூடிய விசாரணை மன்றம், ஹால்சியின் தவறுகளைப் போர் நெருக்கடியில் நேர்ந்த கணிப்புப் பிழைகள் என்று வகைப்படுத்தியது.

பசிபிக் போரில் நாசகாரி வகைக் கண்ணிவாரிக் கப்பல்களில் பணியாற்றிய வோக், தம் கெய்னையும் அவ்வகைக் கப்பலாகவே படைத்தார். புயற்காட்சியில் தொகுதியின் திசை தெற்கு. பின்காற்றில் சுக்கான் பிடியிழக்கிறது. வடக்கே திருப்பிக் காற்றை எதிர்கொள்ள வேண்டும் என்கிறார் மேரிக். தொகுதியின் திசை தெற்கு, மாற்றுமாறு ஆணை வரவில்லை என்பதே குவீகின் மறுமொழி. மேரிக் கடற்படை விதிகளின் 184ஆம் பிரிவைச் சுட்டித் தலைமையைக் கைக்கொள்கிறார்.

1945 பிப்ரவரியில் அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் தம் கடற்படைக்கு அனுப்பிய கடிதத்தை இக்காட்சியோடு இணைத்து வாசிக்க வேண்டும். தொகுதியில் தமக்குரிய இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ள முயன்று, கப்பலைக் காக்கும் தருணத்தைச் சிறு கப்பல்களின் தலைவர்கள் தவறவிட்டதை அவர் குறையாகச் சுட்டினார். அக்குறை குவீகின் குறையே. ஆனால் வோக் அதனைக் கோழைத்தனமும் ஐயநோயும் கொண்ட ஒருவரிடம் ஏற்றிவிடுகிறார். அதனால் கீழ்ப்படிதலின் சிக்கல் ஒரு மனிதரின் நோயாகச் சுருங்குகிறது. அத்திசையை வகுத்தவரின் பொறுப்பு புதினத்தின் நீதிமன்றத்திற்கு வருவதே இல்லை. உலித்தியில் விசாரிக்கப்பட்டது தொகுதியின் தலைமை. புதினத்தில் விசாரிக்கப்படுவது ஒரு துணைத் தலைவர்.

மேரிக் விடுதலையான பின் நடக்கும் விருந்தில், அவருக்காக வாதாடிய கிரீன்வால்டே குவீகுக்காகப் பரிந்து பேசுகிறார். மற்றவர்கள் தத்தம் வாழ்வைக் கவனித்திருந்த காலத்தில் நாட்டைக் காத்தவர்கள் குவீக் போன்ற தொழில்முறைப் படையினரே என்ற அவர் வாதத்தின் உணர்ச்சி வலிமையை மறுப்பதற்கில்லை. தம் தாயை நாஜிகளிடமிருந்து காத்தவர்கள் என்று ஒரு யூதர் சொல்லும் சொல் அது. ஆயினும் அது புயல் எழுப்பிய வினாவுக்கு விடையாகாது. பின்னர் வில்லி கீத்தும் பதவியிறக்கத்தைப் பிழையென ஏற்கிறான். புதினம் அமைப்புக்குக் கீழ்ப்படிவதை அறமாக்குகிறது என வில்லியம் ஒயிட் ‘தி ஆர்கனைசேஷன் மேன்’ (1956) நூலில் கண்டித்தது அறநோக்கில் அமைந்த எதிர்ப்பு. நிமிட்ஸின் கடிதமோ கடற்படைக்குள்ளிருந்தே எழுந்த எதிர்ச்சான்று. அமைப்பின் பெயரால் புதினம் வழங்கும் முடிவை அவ்வமைப்பே அவ்வாறு எழுதிவைக்கவில்லை.

அப்புயலில் டாபரர் என்ற சிறு துணைக்கப்பல் பாய்மரத் தண்டையும் வானொலிக் கம்பிகளையும் இழந்தது. குறித்த இடத்திற்குச் சென்று சேருமாறு ஆணை இருந்தும், அதன் தலைவர் ஹென்றி பிளேஜ் தேடலை நிறுத்தாமல் 55 பேரைக் கடலிலிருந்து மீட்டார். அவரைப் பாராட்டியவர் ஹால்சியே. இத்தகைய தலைவருக்குக் குவீகும் மேரிக்கும் எதிரெதிரே நிற்கும் வோக்கின் கெய்னில் இடம் அமையவில்லை.