லண்டனில் வாங்கிய வாசனை

பழைய பிரிட்டிஷ் சினிமாவில் உயர்ந்தது எது என்று கேட்டால் 'தேர்ட் மேன்' என்றோ 'ப்ரீஃப் என்கவுண்டர்' என்றோ சொல்லிவிட்டுப் போய்விடலாம். சண்டை வராது. 'பிளாக் நார்சிஸஸ்' என்று சொன்னால் வரும். மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் எடுத்து, 1947இல், இந்திய விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு வெளியான படம். இமயமலையில், பழைய அந்தப்புர மாளிகை ஒன்றில் மடம் நடத்தப் போன கன்னியாஸ்திரீகள் நிலைகொள்ள முடியாமல் திரும்புகிற கதை.

காலனியப் பிரதி என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம்தான். ஆதாரமும் கைவசம் இருக்கிறது. மலைப்பெண் காஞ்சியாக வருவது பழுப்புச் சாயம் பூசிய ஜீன் சிம்மன்ஸ். படம் முழுக்க அவளுக்கு ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. முக்கிய வேடங்களில் நிஜ இந்தியர், மைசூர்ப் பக்கத்திலிருந்து போன சாபு ஒருவரே. கிழக்கு என்றால் உடம்பு, புலன், கிறக்கம் என்ற பழைய சூத்திரமும் அப்படியே.

வாசிப்பு அத்தோடு முடிந்துவிடுகிறதா? சாபு நடிக்கும் இளம் ஜெனரலின் கைக்குட்டையில் மணக்கிற 'பிளாக் நார்சிஸஸ்' லண்டன் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸில் வாங்கிய சென்ட். கன்னியாஸ்திரீகள் மூக்கைத் துளைக்கும் 'கீழை' வாசனை அவர்கள் ஊர்ச் சரக்கு! அதையே படத்துக்குத் தலைப்பாகவும் வைத்திருக்கிறார்கள். மலையும் அப்படித்தான். படக்குழு இந்தியாவுக்கு வரவேயில்லை. பைன்வுட் ஸ்டூடியோவில் ஆல்ஃபிரட் யுங் போட்ட செட்டுகளையும் கண்ணாடியில் தீட்டிய சிகரங்களையும் வைத்து ஜாக் கார்டிஃப் ஒளிப்பதிவு செய்தார். இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

தலைமைச் சகோதரி க்ளோடாவுக்கு அந்த உயரத்தில் நினைவு வருவது அயர்லாந்தில் விட்டுவந்த காதல். காய்கறி போட வேண்டிய ஃபிலிப்பா பூச்செடி நடுகிறாள். ரூத் சிவப்பு உடையில் உட்கார்ந்து உதட்டுச் சாயம் பூசுகிறாள். எதிரே பைபிளோடு க்ளோடா. மலை இவர்களுக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. மூட்டை கட்டிக் கொண்டுவந்ததை அவிழ்த்துக் காட்டியது, அவ்வளவுதான். மயக்கும் கிழக்கு என்கிற கற்பிதம் படத்துக்குள்ளிருந்தே உடைகிறது. இதை மகத்தான படம் என்று நான் சொல்வது இதனால்தான், வண்ணங்களுக்காக அல்ல.

அதற்காகக் காஞ்சியின் மௌனத்தை மன்னித்துவிட முடியாது. தன் மனசை இவ்வளவு நேர்மையாய்க் கிளறுகிற படத்துக்கு, எதிரே நிற்கும் அந்தப் பெண்ணின் மனசு எட்டவேயில்லை. மகத்துவமும் ஊனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டுகிற ரசனையும் சரி, கோட்பாடும் சரி, பாதிப் படத்தைத்தான் பார்க்கின்றன.