கையொப்பமும் கைவண்ணமும்

புகழ்பெற்றோர் கைபட்ட பொருளைப் போற்றிக் காப்பது மனித இயல்பு. மேலைநாட்டு ராக் இசைக்கும் அருங்காட்சியகங்கள் எழுந்துள்ளன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1995-இல் திறக்கப்பட்டது அவற்றுள் பெயர்பெற்றது. கையொப்பமிட்ட கித்தாரும் இசைத்தட்டும் இத்தகைய தொகுப்புகளில் தனிமதிப்புப் பெறுகின்றன.

ஆனால், கையொப்பம் எதற்குச் சான்று? 1960-களில் பீட்டில்ஸ் குழுவினரிடம் கையொப்பம் கேட்டோர் திரளாகப் பெருகினர். உதவியாளர்களான நீல் ஆஸ்பினாலும் மால் எவன்சும் நால்வர் பெயரையும் தாமே எழுதிக் கொடுத்ததுண்டு. பெற்றவர்களோ அவற்றைப் பொன்போல் பேணினர். எழுத்து பொய், பேணிய அன்பு மெய். ஆகவே அவற்றைக் குப்பையென ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. எழுதியவர் இன்னார் என்று மறைக்காமல் குறித்து அவற்றைக் காட்சிக்கு வைப்பதே நேர்மையாகும்.

இனி, லண்டன் பிரித்தானிய நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓர் அட்டையைக் கருதுவோம். 1964-இல் வெளிவந்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாடலை, தம் மகனின் முதற் பிறந்தநாள் வாழ்த்து அட்டையின் பின்புறத்தில் எழுதினார் ஜான் லெனன். ஒலிப்பதிவுக்குச் செல்லும் வழியில் வலுவற்ற வரியொன்றை அவர் அடித்துத் திருத்தியதை, உடன் சென்ற செய்தியாளர் மோரீன் கிளீவ் பின்னர் நினைவுகூர்ந்தார். ரசிகர் கேட்டு வாங்கிய ஒப்பத்தில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: படைப்பவரின் தடுமாற்றமும் தேர்வும்.

பெயரைப் பிறர் எழுதிவிடலாம். அந்த அடித்தலையும் திருத்தலையும் பிறர் செய்துதர இயலுமோ? கண்ணாடிப் பேழைமுன் நிற்கும்போது, யாருடைய ஒப்பம் என்பதோடு, யாருடைய உழைப்பு, யாருடைய அன்பு என்றும் கேட்போமாக.