திருப்புடைமருதூருக்கு எத்தனை பேர் வரலாம்?

தாமிரபரணியோடு கடனா நதி கலக்கும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நெல்லை மாவட்டத்துச் சிற்றூர். நாறும்பூநாதர் கோயில், மரங்களில் கூடு கட்டும் பறவைகள், படித்துறைக் குளியல் ஆகிய மூன்றுக்காகவும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இந்த மூன்றும் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மூன்றில் அரியது கோயிலின் கோபுரம். அதன் ஐந்து நிலைகளுக்குள்ளும் மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் நிறைந்திருக்கின்றன. புராணக் கதைகளோடு போர்க்களமும், குதிரைகளை ஏற்றி வரும் கப்பலும் அங்கே உண்டு. நாயக்கர் கால ஓவியம் என்றதும் பலருக்கும் மதுரையும் தஞ்சையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலின் முன்வரிசையில் வைக்க வேண்டியது இது. ஆனால் வழி குறுகல், வெளிச்சம் குறைவு. கூட்டமாக ஏறினால் தோளும் பையும் சுவரில் உரசாமல் இராது. உரசிப் போன வண்ணம் திரும்பி வராது.

பறவைகளின் கதை வேறு. 2005இல் இவ்வூரின் 2.84 ஹெக்டேர், அதாவது சுமார் ஏழு ஏக்கர், பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது இதுதான். வீட்டுக்கு அருகே நாரையும் கொக்கும் கூடு கட்டினால் எச்சமும் மீன் நாற்றமும் வாசல்வரை வரும். அதை ஊர் பொறுத்துக்கொள்வதால்தான் விருந்தாளிக்குக் காட்சி கிடைக்கிறது. தூரத்தில் நின்று பார்ப்பவரால் கெடுதல் இல்லை.

ஆறு நிறையப் பேரைத் தாங்கும், தைப்பூசக் கூட்டத்தையும்கூட. அது தாங்காதது சோப்பு நுரையையும், பரிகாரம் என்று அவிழ்த்துவிடும் துணிகளையும்தான். ஊர்க்காரர் தினமும் குளிக்கும் துறை அது என்ற நினைப்பு வந்தவருக்கு வேண்டும்.

'ஆள் வந்தால்தானே ஊருக்கு வருமானம்' என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் காலையில் காரில் வந்து மதியத்துக்குள் திரும்புகிறவரால் ஊருக்குக் கிடைப்பது சொற்பம். அவர் விட்டுப்போகும் குப்பையை அள்ளுவது ஊராட்சி. 'யாரையுமே விடாதே' என்பதும் சரியல்ல. பார்ப்பாரில்லாத ஓவியத்தைக் காக்கச் சொல்லிக் கேட்கவும் ஆள் இருக்காது.

என் தீர்ப்பு இது. கோபுரத்துக்குச் சிறு குழுக்கள் மட்டும், வழிகாட்டியோடு, கட்டணத்தோடு ஏறட்டும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊராட்சிக்குப் போகட்டும். கூடு கட்டும் காலத்தில் மரத்தடிக்குப் போகத் தடை வேண்டும். ஆற்றில் எல்லாரும் குளிக்கலாம். சோப்பும் துணி விடுவதும் கூடாது. பாதுகாப்பக நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. கோபுரம், படித்துறை பற்றிய முடிவுகளிலும் அதே இடத்தை ஊருக்குத் தர வேண்டும்.