விருப்பமுள்ள விற்பனையாளர் யார்?

பொதுத்தேவை என்று கூறி உழவரின் நிலத்தை எடுக்கும் அரசு, அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறது? இலங்கையில் இக்கேள்விக்கு விடை கூறுவது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். இலக்கியத்தைச் சொல் சொல்லாக ஆராயப் பழகிய நாம், இச்சட்டத்தின் வாசகத்தையும் அவ்வாறே ஆராய்தல் தகும்.

அதன் 45 ஆம் பிரிவின்படி, விருப்பமுள்ள விற்பனையாளர் ஒருவர் திறந்த சந்தையில் விற்றால் காணிக்குக் கிடைக்கக்கூடிய விலையே அதன் சந்தைப் பெறுமதி. இந்த விற்பனையாளரை நாம் எங்கே காண்பது?

2013 ஏப்ரலில், பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகளில் 6,381 ஏக்கரை இராணுவத்துக்காக எடுக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. அக்காணிகளுக்குரியோர் 1990 இல் போரினால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோர். அவர்கள் எவருக்கும் விற்க முன்வரவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தையே நாடினர். 2015 மார்ச்சில், எமது அச்சுவேலிக்கு அயலிலுள்ள வளலாயில் ஒரு பகுதி காணி திருப்பிக் கொடுக்கப்பட்டது. மக்கள் வேண்டியது விலையன்று, மண்ணே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, விலையையே பேசுவோம். முட்கம்பிக்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பற்றையேறிக் கிடந்த செம்பாட்டுத் தோட்டத்துக்குச் சந்தை ஏது? கல்லுடைத்துத் தோண்டிய கிணறும், தலைமுறைகளாக எருவிட்டுப் பண்படுத்திய மண்ணும், விளையாது போன வெங்காயமும் புகையிலையும் எக்கணக்கில் சேரும்?

இதனினும் கொடிய குறை வேறொன்றுண்டு. பிறர் காணியில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பயிரிட்டோரும் நாட்கூலிகளும் காட்டுவதற்கு உறுதி இல்லாதோர். இவர்களுட் பலர் சாதியாலும் ஒடுக்கப்பட்டோர். காணி போனபோது இவர்களின் பிழைப்பும் போயிற்று. சட்டத்தின் கண்ணுக்கோ உறுதி மட்டுமே தெரிகிறது.

இந்தியாவில் அதே 2013 இல் இயற்றப்பட்ட சட்டம், மூன்று ஆண்டுகள் அந்நிலத்தை நம்பி உழைத்த குத்தகையாளரையும் கூலியாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினராக ஏற்கிறது. பெறுமதிக்குச் சமமான ஆறுதற் தொகையையும் சேர்க்கிறது. அதுவும் பழுதற்றதன்று, பாதுகாப்பு அவசரம் என்று விலகிச் செல்ல அதிலும் வழியுண்டு. எனினும் உழைப்பை ஓர் உரிமையாக அது எண்ணியுள்ளது.

நம் நாட்டிலும் 2001 இல் அமைச்சரவை ஏற்ற மீள்குடியேற்றக் கொள்கை, உறுதியற்றோருக்கும் நீதி வேண்டும் என்கிறது. ஆயின் கொள்கை வேறு, சட்டம் வேறு.

ஆகவே நாம் கோருவது இதுவே: திருப்பிக் கொடுக்கக்கூடிய காணி திருப்பிக் கொடுக்கப்படல் வேண்டும். மெய்யான பொதுத்தேவைக்கு எடுத்தால், நிலத்துக்கு நிலமும், இழந்த விளைச்சலுக்கு ஈடும், உழைத்தோருக்குப் பங்கும் சட்டத்தாலேயே உறுதிசெய்யப்படல் வேண்டும். மாணவர்க்கு உழவின் பெருமையைப் போதிக்கும் ஆசிரியர்கள் இக்கோரிக்கையையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்வார்களாக.